அடி பட்டதா, எவ்வளவு கழியும்: கைபேசிப் பகடையும் சண்டைச் சேதக் கணக்கும்

ஆளுக்கொரு பாத்திரமேற்று, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் ரோல்பிளேயிங் ஆட்டத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் கதை சொல்வதில் தடுமாறுவதில்லை. தங்கள் பாத்திரம் என்ன பேசும், எந்தக் கதவைத் திறக்கும், யாரை நம்பும் என்பதையெல்லாம் விரைவிலேயே பிடித்துக்கொள்கிறார்கள். சண்டை தொடங்கியதும்தான் சிக்கல் வருகிறது. கைபேசித் திரையில் 17 என்று விழுந்திருக்கும். அது எதிரி மேல் பட்டதா, பட்டிருந்தால் எத்தனை புள்ளி கழியும், அந்த 17-உடன் எதைக் கூட்ட வேண்டும், எதைக் கூட்டக் கூடாது என்று மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்வார்கள். தண்டையார்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் புதிதாகக் குழு சேர்த்து ஆட நினைக்கும் தம்பி தங்கைகளை மனத்தில் வைத்து, அந்த ஒரு சிக்கலைப் படிப்படியாக அவிழ்க்கவே இதை எழுதுகிறேன். பகடைச் செயலி எண்ணை மட்டுமே தருகிறது. அந்த எண் எதற்கானது என்பதை உருட்டுவதற்கு முன்பே வாய்விட்டுச் சொல்லிவிடும் பழக்கம் வந்துவிட்டால், சண்டையில் எழும் வாக்குவாதங்களில் பெரும்பகுதி தோன்றவே தோன்றாது.

எந்த விதி என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவரும் உருவாக்கி 1974-இல் வெளிவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்தான் இவ்வகை ஆட்டங்களுக்கு முன்னோடி. அதன் ஐந்தாம் பதிப்பு 2014-இல் வந்தது. அந்தப் பதிப்பின் அடிப்படை விதித் தொகுப்பு 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின் கீழ் வெளியிடப்பட்டதால், அதை யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் பதிவிறக்கிப் படிக்கலாம். புதியவர்களுக்கு நான் அதையே பரிந்துரைக்கிறேன்; இக்கட்டுரையின் கணக்குகளும் அதையே பின்பற்றுகின்றன. 2024-இல் திருத்தப்பட்ட விதிநூல் வந்திருக்கிறது. கீழே சொல்லப்போகும் சேத விதிகளின் அடித்தளம் அதிலும் மாறவில்லை என்றாலும், சில எதிரிகளின் எண்கள் மாறியிருக்கின்றன. ஆகவே முதல் நாளிலேயே, ஆட்டத்தை நடத்துகிறவரிடம், அதாவது எல்லோரும் டிஎம் என்று அழைக்கும் ஆட்டத் தலைவரிடம், எந்த ஆண்டு விதி என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

செயலியைத் தேர்ந்தெடுத்தல்

இந்த ஆட்டத்துக்கு நான்கு, ஆறு, எட்டு, பத்து, பன்னிரண்டு, இருபது பக்கங்கள் கொண்ட பகடைகளும், நூறுக்குக் கணக்கிட இன்னொரு பத்துப் பக்கப் பகடையுமாக மொத்தம் ஏழு வேண்டும். பாரிமுனைக் கடைகளில் ஆறு பக்கப் பகடை எளிதாகக் கிடைக்கும். இருபது பக்கப் பகடைக்கு இணையத்தில்தான் சொல்லி வாங்க வேண்டியிருக்கும். ஆளுக்கு ஒரு தொகுப்பு வாங்குவது படிக்கிற பிள்ளைகளுக்குச் சுமை. மேலும் நம் பகுதியில் பல குழுக்களுக்கு மொட்டை மாடிதான் ஆடுகளம். கடற்காற்று அடிக்கும் மாடியில் சிறு பகடைகள் உருண்டு தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் போய்விட்டால் தேடுவது பெரும்பாடு. கையால் உருட்டுவதில் உள்ள இன்பத்தை நான் மறுக்கவில்லை. ஆனாலும் பணம் செலவழிக்குமுன் கைபேசியில் ஆடிப் பார்ப்பதே நல்லது.

செயலியில் நான்கு தன்மைகளைப் பாருங்கள். உருட்ட வேண்டியதை ஒரே வரியில் சூத்திரமாக எழுத இடம் கொடுக்க வேண்டும். கூட்டுத்தொகையை மட்டும் காட்டாமல் ஒவ்வொரு பகடையிலும் விழுந்ததைத் தனித்தனியாகக் காட்ட வேண்டும். பழைய வீச்சுகளின், அதாவது முன்பு உருட்டியவற்றின், பதிவை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். இணைய இணைப்பு இல்லாதபோதும் இயங்க வேண்டும். இவற்றில் இரண்டாவதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். 23 என்று மட்டும் காட்டும் செயலியில் அது பகடையிலேயே விழுந்த 20-உடன் 3 சேர்ந்து வந்ததா, 18-உடன் 5 சேர்ந்து வந்ததா என்று தெரியாது. முன்னதில் சேதப் பகடைகள் இரட்டிப்பாகும், பின்னதில் ஆகாது.

கூகுள் தேடலில் பகடை உருட்டு என்று ஆங்கிலத்தில் தட்டினால் இருபது பக்கம் வரையிலான பகடைகள் திரையிலேயே வந்துவிடும். முதல் நாளுக்கு அது போதும். ஆளாளுக்கு வெவ்வேறு இடத்திலிருந்து ஆடும் குழுவுக்கு, 2012-இல் தொடங்கப்பட்ட ரோல்20 போன்ற தளங்கள் ஏற்றவை. அங்கே சாய்கோட்டை அடுத்து ஆங்கில ஆர் எழுத்தை இட்டு, இடைவெளி விட்டுச் சூத்திரத்தை எழுதினால், முடிவு எல்லோருடைய திரையிலும் ஒரே நேரத்தில் தெரியும். டிஸ்கார்ட் என்னும் அரட்டைச் செயலியில் பேசியபடி ஆடுகிறவர்கள் அதற்கான பகடை பாட்களை, அதாவது கேட்டதும் உருட்டித் தரும் சிறு நிரல்களை, சேர்த்துக்கொள்ளலாம். மாடியில் நேரில் கூடுகிறவர்கள் கைபேசியில் நிறுவும் இலவசச் செயலி ஒன்றை வைத்துக்கொண்டால் போதும்.

சூத்திரத்தைப் படிக்கவும் எழுதவும்

2டி6+3 என்றால் ஆறு பக்கப் பகடை இரண்டை உருட்டி, கூட்டுத்தொகையுடன் 3 சேர்க்க வேண்டும் என்று பொருள். முன்னால் உள்ள எண் பகடைகளின் எண்ணிக்கை. டி-க்குப் பின்னால் உள்ளது பக்கங்களின் எண்ணிக்கை. கடைசியில் வருவது மாறாத சேர்ப்பு. செயலியில் தட்டும்போது டி என்பதை ஆங்கிலச் சிற்றெழுத்தாக இட வேண்டும். பத்துப் பக்கப் பகடையில் 0 விழுந்தால் அது 10.

சில நேரங்களில் இருபது பக்கப் பகடையை இரண்டு முறை உருட்டி உயர்ந்ததை எடுக்கச் சொல்வார்கள். அதற்கு அட்வான்டேஜ் என்று பெயர். தாழ்ந்ததை எடுப்பது டிஸ்அட்வான்டேஜ். பல செயலிகளில் 2டி20 என்று எழுதி, ஒட்டினாற்போல் ஆங்கில கே, எச் எழுத்துகளையும் 1 என்ற எண்ணையும் இட்டால் உயர்ந்தது மட்டும் எடுக்கப்படும். எச்-க்குப் பதில் எல் இட்டால் தாழ்ந்தது. எத்தனை காரணங்களால் அட்வான்டேஜ் கிடைத்தாலும் உருட்டுவது இரண்டு பகடைதான், மூன்றாவது கிடையாது. இரண்டும் ஒரே நேரத்தில் பொருந்தினால் ஒன்றையொன்று நீக்கிவிடும். வழக்கம்போல ஒரு பகடையை உருட்டிக்கொள்ளலாம்.

சராசரிகளை மனப்பாடம் செய்துகொள்வது நல்லது. நான்கு பக்கத்துக்கு 2.5, ஆறுக்கு 3.5, எட்டுக்கு 4.5, பத்துக்கு 5.5, பன்னிரண்டுக்கு 6.5. இவற்றைத் தெரிந்தவர் ஆயுதத்தை அறிந்து தேர்ந்தெடுப்பார். பெருவாள் 2டி6 சேதம் தருகிறது, பெருங்கோடரி 1டி12 தருகிறது. இரண்டுக்கும் உச்சம் 12 என்றாலும் வாளின் சராசரி 7, கோடரியின் சராசரி 6.5. 12 விழும் வாய்ப்போ வாளுக்கு 36-இல் ஒன்று, கோடரிக்கு 12-இல் ஒன்று. நிதானமாக வெட்டிச் சாய்க்க நினைப்பவருக்கு வாள். ஒரே அடியில் முடிக்க ஆசைப்படுபவருக்குக் கோடரி.

பட்டதா என்று பார்க்கும் வீச்சு

தாக்குதல் எப்போதும் இரண்டு கட்டம். முதலில் அடி பட்டதா என்று பார்க்கிறோம், பிறகு எவ்வளவு பட்டது என்று பார்க்கிறோம். கேரம் பலகையைச் சுற்றி வளர்ந்த வடசென்னைப் பிள்ளைகளுக்கு இதை விளக்குவது எளிது: ரெட் குழியில் விழுந்ததும் கணக்கு முடிவதில்லை, ஃபாலோ போட வேண்டியிருக்கிறது.

முதல் கட்டத்தில் 1டி20 உருட்டி, பாத்திரத்தின் திறன் சேர்ப்பையும் பயிற்சிச் சேர்ப்பையும் கூட்ட வேண்டும். தொடக்க நிலை வீரர் ஒருவருக்கு வலிமைச் சேர்ப்பு 3, பயிற்சிச் சேர்ப்பு 2 என்றால் சூத்திரம் 1டி20+5. வரும் தொகை எதிரியின் கவச எண்ணுக்கு, அதாவது அவர் மேல் அடி படுவது எவ்வளவு கடினம் என்று காட்டும் எண்ணுக்கு, சமமாகவோ அதற்கு மேலாகவோ இருந்தால் அடி பட்டது. சமமாக இருந்தாலும் பட்டதுதான் என்பதை அழுத்திச் சொல்கிறேன், ஏனெனில் புதிய குழுக்களில் இதில்தான் அடிக்கடி சச்சரவு வருகிறது. சேர்ப்பு ஏதும் கூட்டாமல் பகடையிலேயே 1 விழுந்தால், மொத்தம் எவ்வளவாக இருந்தாலும் அடி தவறிவிட்டது. பகடையிலேயே 20 விழுந்தால், எதிரியின் கவசம் எவ்வளவு உறுதியானதாக இருந்தாலும் அடி பட்டது. அதோடு அது கிரிட்டிகல் அடியும் ஆகும்.

கவச எண் 15 உள்ள எதிரியை 1டி20+5 கொண்டு தாக்கினால் பகடையில் 10 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். வாய்ப்பு 55 சதவீதம். அட்வான்டேஜ் இருந்தால் அது ஏறக்குறைய 80 சதவீதமாக உயர்கிறது. எதிரியைக் கீழே தள்ளிவிட்டு நண்பரை அருகில் போய் அடிக்கச் சொல்வதற்கு எவ்வளவு மதிப்பு என்பதை இந்த ஒரு கணக்கே காட்டிவிடும்.

சேத வீச்சு, கிரிட்டிகல் அடி

அடி பட்ட பிறகு ஆயுதத்துக்குரிய பகடையை உருட்டுகிறோம். குத்துவாளுக்கு 1டி4, குறுவாளுக்கு 1டி6, நெடுவாளை ஒரு கையால் பிடித்தால் 1டி8, இரு கைகளால் பிடித்தால் 1டி10. இதனுடன் திறன் சேர்ப்பை மட்டும் கூட்ட வேண்டும். பயிற்சிச் சேர்ப்பு சேதத்தில் வராது. மேலே சொன்ன வீரர் நெடுவாளால் வெட்டினால் 1டி8+3 என்று எழுத வேண்டும். 1டி8+5 என்று எழுதினால் தவறு. ஒரு முறை இப்படி எழுதிச் செயலியில் சேமித்துவிட்டால் அந்தப் பிழை சண்டைக்குச் சண்டை தொடரும். ஆகவே சேமிக்கும் முன் ஆட்டத் தலைவரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கிரிட்டிகல் அடியில் சேதப் பகடைகளின் எண்ணிக்கை இரட்டிப்பாகும், சேர்ப்பு ஒரு முறைதான் வரும். 1டி8+3 என்பது 2டி8+3 ஆகும். மேசையில் இது இப்படித்தான் நடக்கும்.

“அக்கா, இருபது விழுந்துடுச்சு. வர்றதை அப்படியே டபுள் பண்ணிக்கட்டுமா?”

“வேணாம்ப்பா. டைஸை மட்டும் டபுள் பண்ணு. பிளஸ் மூணு ஒரு தடவைதான்.”

இந்தச் சிறு வேறுபாட்டுக்குக் கணக்கில் பெரிய விளைவு உண்டு. 2டி8+3 என்பதன் சராசரி 12. 1டி8+3-ஐ உருட்டி மொத்தத்தையும் இரட்டித்தால் சராசரி 15. இதே இடத்தில் பாத்ஃபைண்டர் ஆட்டத்தின் இரண்டாம் பதிப்பு வேறு வழியில் போகிறது: அங்கே சேர்ப்பும் உட்பட மொத்தச் சேதமும் இரட்டிப்பாகும், எதிரியின் கவச எண்ணை 10 அல்லது அதற்கு மேல் தாண்டினாலே அது கிரிட்டிகல். ஒரு ஆட்டத்துக்கென்று அமைத்த செயலிப் பொத்தானை இன்னொரு ஆட்டத்தில் அழுத்தினால் என்ன ஆகும் என்பதை நீங்களே ஊகிக்கலாம். கிரிட்டிகல் பொத்தான் உள்ள செயலியில், முதலில் அது எதை இரட்டிக்கிறது என்று ஒரு வெற்று வீச்சு போட்டுப் பாருங்கள்.

குறைப்பும் கூட்டலும்: வரிசை மாறக் கூடாது

சேதத்துக்கு வகை உண்டு. வெட்டு, குத்து, மோதல், தீ, குளிர், நஞ்சு என ஒவ்வொன்றும் தனி வகை. ஒரு எதிரிக்கு ஒரு வகையில் எதிர்ப்பு இருந்தால் அந்தச் சேதம் பாதியாகும். பலவீனம் இருந்தால் இரட்டிப்பாகும். முழுத் தடை இருந்தால் ஒன்றுமே ஏறாது. பாதியாக்கும்போது பின்னம் வந்தால் கீழ்நோக்கி முழுமையாக்க வேண்டும்: 7-இல் பாதி 3.

வரிசை இதுதான். முதலில் பகடைத் தொகையும் எல்லாச் சேர்ப்புகளும் கழிப்புகளும், அடுத்து எதிர்ப்பு, கடைசியில் பலவீனம். மோதல் சேதத்துக்கு எதிர்ப்பு உள்ள ஒருவர் மேல் 25 சேதம் விழுகிறது, அவரைக் காக்கும் மந்திரம் 5 புள்ளியைக் கழிக்கிறது என்று வையுங்கள். 25-இல் 5 கழித்து 20, அதில் பாதி 10. முதலில் பாதியாக்கிவிட்டு 5 கழித்தால் 7 வந்துவிடும். அது விதிக்குப் புறம்பு. ஒரே வகைக்கு இரண்டு காரணங்களால் எதிர்ப்பு இருந்தாலும் பாதியாக்குவது ஒரு முறைதான்.

இங்கேதான் செயலியைக் கவனமாகக் கையாள வேண்டும். தீப்பற்றி எரியும் மந்திர வாளால் ஒருவர் வெட்டுகிறார். வெட்டுச் சேதம் 1டி8+3, தீச் சேதம் 2டி6. இரண்டையும் ஒரே வரியில் கூட்டி எழுதினால் 19 என்று ஒரே தொகை வரும்; எதிரிக்குத் தீயில் எதிர்ப்பு இருந்தால் அந்த 19-இல் எவ்வளவு தீ, எவ்வளவு வெட்டு என்று பிரிக்க வழியிருக்காது. வகை வேறானால் வரியும் வேறாக இருக்கட்டும். செயலியில் பெயர் இடும் வசதி இருந்தால் வரிகளுக்கு வெட்டு, தீ என்று தமிழிலேயே பெயரிட்டுவிடுங்கள். அவசரத்தில் கண் தேடுவது அந்தப் பெயரைத்தான்.

பலரை ஒரே நேரத்தில் தாக்கும் மந்திரங்களுக்கு இன்னொரு விதி உண்டு. தீப்பந்து மந்திரத்தின் சேதம் 8டி6, சராசரி 28. அதை ஒரே ஒரு முறை உருட்டி, உள்ளே அகப்பட்ட எல்லோருக்கும் அதே எண்ணைப் பயன்படுத்த வேண்டும். ஒவ்வொருவரும் தப்பிக்கத் தனித்தனியாக 1டி20 உருட்டுவார்கள். தப்பியவருக்குப் பாதி, தப்பாதவருக்கு முழுச் சேதம். செயலியில் உருட்டுவது எளிது என்பதால் ஆளுக்கொரு முறை 8டி6 உருட்டும் ஆசை வரும். அது நேரத்தையும் விழுங்கும், விதியையும் மீறும்.

ஒரு சண்டையை உருட்டிப் பார்ப்போம்

காசிமேட்டுப் படகுத்துறையைப் போல ஆட்டத் தலைவர் கற்பனையில் வரைந்த ஒரு பழைய துறைமுகம். மீன்கூடைகளுக்குப் பின்னாலிருந்து இரண்டு எலும்புக்கூடுகள் எழுகின்றன. 2014 விதிப்படி எலும்புக்கூட்டுக்குக் கவச எண் 13, உயிர்ப்புள்ளி (சேதம் பட்டால் கழியும் புள்ளி) 13; மோதல் சேதத்தில் பலவீனம், நஞ்சில் முழுத் தடை. எதிரே நிற்பவர்கள் நெடுவாள் ஏந்திய வேலம்மாளும், கதாயுதம் ஏந்திய பூசாரி முனியனும்.

வேலம்மாளை ஆடுகிறவர், “முதல் எலும்புக்கூட்டை நெடுவாளால் வெட்டுகிறேன், தாக்குதல் வீச்சு” என்று அறிவித்துவிட்டு 1டி20+5 அழுத்துகிறார். பகடையில் 9, மொத்தம் 14; கவச எண் 13, எனவே பட்டது. “சேதம்” என்று சொல்லி 1டி8+3 அழுத்துகிறார். பகடையில் 4, மொத்தம் 7. வெட்டுச் சேதத்தில் எலும்புக்கூட்டுக்கு எதிர்ப்பும் இல்லை, பலவீனமும் இல்லை. 13-இல் 7 போக 6 மீதி.

எலும்புக்கூடு குறுவாளால் திருப்பிக் குத்துகிறது. அதன் வீச்சு 1டி20+4. பகடையில் 11, மொத்தம் 15. வேலம்மாளின் கவச எண் 16, ஆகவே தவறிவிட்டது. அடி தவறினால் சேத வீச்சே கிடையாது. சில செயலிகள் தாக்குதலையும் சேதத்தையும் ஒரே அழுத்தில் உருட்டிவிடும். அப்போது திரையில் தெரியும் சேத எண்ணைக் கண்டு யாரும் பதறிப் புள்ளியைக் கழித்துவிட வேண்டாம்.

முனியன் கதாயுதத்தால் அடிக்கிறார். 1டி20+4-இல் பகடை 12 தர, மொத்தம் 16, பட்டது. சேதம் 1டி6+2, பகடையில் 2 மட்டுமே விழுந்து மொத்தம் 4. எல்லோரும் சலித்துக்கொள்ளும் அந்த நேரத்தில் ஆட்டத் தலைவர், அது மோதல் சேதம் என்று நினைவூட்டி 4-ஐ 8 ஆக்குகிறார். மீதி இருந்தது 6. முதல் எலும்புக்கூடு நொறுங்கி விழுகிறது. பலவீனத்தில் சேர்ப்பு உட்பட மொத்தமும் இரட்டிக்கிறது என்பதையும், கிரிட்டிகலில் பகடை மட்டுமே இரட்டிக்கிறது என்பதையும் இந்த இடத்தில் ஒப்பிட்டு மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். பலவீனம் என்று கேட்டதும் செயலியில் 2டி6+2 என்று எழுதுவது தவறு. 1டி6+2-ஐ உருட்டி வந்ததை இரண்டால் பெருக்க வேண்டும்.

உயிர்ப்புள்ளி கழித்தலும் பூச்சியமும்

தற்காலிக உயிர்ப்புள்ளி ஏதேனும் இருந்தால் முதலில் அது கரையும். 5 தற்காலிகப் புள்ளி உள்ளவர் 7 சேதம் பெற்றால் அந்த 5-ம் போய், உண்மையான புள்ளியிலிருந்து 2 கழியும். புதிதாகத் தற்காலிகப் புள்ளி கிடைத்தால் பழையதுடன் கூட்டக் கூடாது. எது வேண்டும் என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மனத்தை ஒருமுகப்படுத்தி ஒரு மந்திரத்தைத் தாங்கிக்கொண்டிருப்பவர் அடிபட்டால், அந்த மந்திரம் கலையாமல் இருக்க உடலுறுதி வீச்சு போட வேண்டும். எட்ட வேண்டிய எண் 10 அல்லது பெற்ற சேதத்தில் பாதி, இவற்றில் எது பெரிதோ அது. 9 சேதத்துக்கு 10, 22 சேதத்துக்கு 11. ஆட்டத்தில் மிக அதிகமாக மறக்கப்படும் வீச்சு இது என்பேன்.

உயிர்ப்புள்ளி பூச்சியத்துக்குக் கீழே போவதில்லை. ஆனால் மிஞ்சிய சேதத்தை ஒரு கணம் பார்க்க வேண்டும்: அது பாத்திரத்தின் உச்ச உயிர்ப்புள்ளிக்குச் சமமாகவோ அதிகமாகவோ இருந்தால் அந்த இடத்திலேயே மரணம். உச்சம் 12 உள்ள வேலம்மாளுக்கு 4 புள்ளி மீதி இருக்கையில் 9 சேதம் விழுந்தால் மிச்சம் 5. 12-க்குக் குறைவு என்பதால் நினைவிழந்து விழுகிறாரே தவிர இறக்கவில்லை.

அதன் பிறகு தன் முறை வரும்போதெல்லாம் அவர் மரண வீச்சு போட வேண்டும். அது வெறும் 1டி20; பொதுவாக எந்தச் சேர்ப்பும் கிடையாது. தாக்குதலுக்காகச் சேமித்த பொத்தானை அழுத்திவிடாமல் தனியாக ஒரு பொத்தான் வைத்துக்கொள்ளுங்கள். 10 அல்லது மேலே விழுந்தால் ஒரு வெற்றி, கீழே விழுந்தால் ஒரு தோல்வி. மூன்று வெற்றி சேர்ந்தால் நிலைமை சீராகும். மூன்று தோல்வி சேர்ந்தால் மரணம். 1 விழுந்தால் இரண்டு தோல்வியாகக் கணக்கு. 20 விழுந்தால் ஒரு உயிர்ப்புள்ளியுடன் கண் விழிப்பார். விழுந்து கிடக்கும்போது மேலும் சேதம் பட்டால் ஒரு தோல்வி, அது கிரிட்டிகல் அடியானால் இரண்டு. நண்பர் கையால் ஒரு புள்ளி குணமாக்கினாலும் இந்தக் கணக்கு முழுதும் அழிந்துவிடும் என்பதால், குணமாக்கும் பூசாரி அவருக்கு அருகிலேயே இருப்பது நல்லது.

செயலியை நம்பலாமா

சண்டையில் தோற்றவர் செயலியைக் குறை சொல்வது இயல்பு. அந்த ஐயத்துக்கு நேர்மையான பதில் கொடுக்க வேண்டும். பெரும்பாலான செயலிகள் கணிதச் சூத்திரம் ஒன்றைக் கொண்டு போலித் தற்செயல் எண்களை உருவாக்குகின்றன. 1997-இல் உருவாக்கப்பட்ட மெர்சென் ட்விஸ்டர் அத்தகைய சூத்திரங்களில் புகழ்பெற்றது. ஆட்டத்துக்கு அதன் தரம் தாராளமாகப் போதும். 1998-இல் தொடங்கிய ரேண்டம்.ஆர்க் தளமோ வளிமண்டல இரைச்சலிலிருந்து எண்களை எடுக்கிறது.

பிழை வந்தால் அது பெரும்பாலும் எண்ணைப் பகடையாக மாற்றும் இடத்தில்தான் வரும். 0 முதல் 255 வரையிலான ஒரு எண்ணை 20-ஆல் வகுத்து, மீதியுடன் 1 சேர்த்துப் பகடை எண்ணாகக் கொள்ளும் செயலியை எண்ணிப் பாருங்கள். 256-இல் 20 பன்னிரண்டு முறை போக 16 மிஞ்சுகிறது. அதனால் 1 முதல் 16 வரையிலான ஒவ்வொரு முகத்துக்கும் 13 வாய்ப்பும், 17 முதல் 20 வரையிலான ஒவ்வொரு முகத்துக்கும் 12 வாய்ப்பும் கிடைக்கும். கிரிட்டிகல் அடி விழும் வாய்ப்பு 5 சதவீதத்திலிருந்து 4.7 ஆகக் குறைந்துவிடுகிறது. ஒழுங்காக எழுதப்பட்ட செயலி 240-ம் அதற்கு மேலும் உள்ள எண்களை எறிந்துவிட்டு மறுபடி எடுக்கும்.

சோதித்துப் பார்க்க விரும்பினால் 1டி20-ஐ 200 முறை உருட்டுங்கள். ஒவ்வொரு எண்ணும் சராசரியாக 10 முறை வர வேண்டும். 4 முறை வந்ததையும் 16 முறை வந்ததையும் கண்டு கலங்க வேண்டாம், அந்த அளவு ஏற்ற இறக்கம் இயல்பே. முறையாகக் கணக்கிட, ஒவ்வொரு எண்ணும் வந்த தடவையிலிருந்து 10-ஐக் கழித்து, வந்ததை அதே எண்ணால் பெருக்கி, இருபதுக்கும் கூட்டி, மொத்தத்தை 10-ஆல் வகுங்கள். விடை 30.1-க்குள் இருந்தால் ஐயப்பட இடமில்லை. அதைத் தாண்டினால் உடனே குற்றம் சாட்டாமல் இன்னொரு முறை சோதியுங்கள்; நேர்மையான பகடையும் 100-க்கு 5 தடவை அந்த எல்லையைத் தாண்டும். இருபது வீச்சில் ஒரு 20 கூட விழாமல் போக 36 சதவீத வாய்ப்பு உண்டு என்பதையும் மாலை முழுவதும் அடி தவறிக்கொண்டே இருந்த நண்பரிடம் அன்போடு சொல்லுங்கள்.

மேசையில் செய்துகொள்ள வேண்டிய ஒப்பந்தம்

ஆடத் தொடங்குமுன் சிலவற்றைப் பேசி முடிவு செய்துவிடுங்கள். அறிவிக்காமல் உருட்டிய வீச்சு செல்லாது. தவறுதலாக விரல் பட்டு உருண்டதும், நல்ல எண்ணாக இருந்தாலும் கெட்ட எண்ணாக இருந்தாலும், செல்லாது. ஆளாளுக்குத் தங்கள் கைபேசியில் உருட்டினால், திரையை மேசை நடுவில் வைத்து உருட்ட வேண்டும். ஒரே கைபேசியைப் பகிர்ந்துகொள்கிறவர்கள், ஒவ்வொருவர் பெயரிலும் தனிப் பொத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். ஆட்டத் தலைவர் சில வீச்சுகளை மறைவாகப் போடலாம். ரோல்20-இல் அதற்கென்றே தனிக் கட்டளை உண்டு. எவையெல்லாம் மறைவு என்பதை அவர் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. என் விருப்பத்தைக் கேட்டால், தாக்குதலும் சேதமும் இரு தரப்புக்கும் வெளிப்படையாகவே இருக்கட்டும் என்பேன். ஒளிந்திருப்பவரைக் கண்டுபிடிக்கும் வீச்சு போன்றவை மட்டும் மறைவாக இருக்கலாம்.

உயிர்ப்புள்ளிக் கணக்கைச் செயலியிடம் முழுதும் ஒப்படைக்காமல் ஒருவர் தாளில் எழுதிவர வேண்டும். எதிரியின் பெயர், தொடக்கப் புள்ளி, ஒவ்வொரு அடிக்கும் கழித்த எண், சேத வகை ஆகிய நான்கு பத்திகள் போதும். மாடியில் மின்சாரம் போய், வை-ஃபை அணைந்து, கைபேசியில் சார்ஜ் குறைந்துகொண்டிருக்கும் மாலையில், சேமித்த சூத்திரங்களின் பட்டியலும் அந்தத் தாளின் மறுபக்கத்தில் எழுதியிருந்தால், இணையம் வேண்டாத செயலி உள்ள ஒரே ஒரு கைபேசியைக் கொண்டு குழு முழுவதும் சண்டையை விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.